இரண்டாம் முறை பார்க்க முடியாதவர்களுக்குக் கண்ணாடி: டெல்டா மாவட்ட ஆட்சியர்களுக்கும் முகாம் நடத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர்களுக்கும், தஞ்சாவூர், கும்பகோணம் மாநகராட்சி ஆணையர்களுக்கும், ஆண்டுதோறும் இலவசக் கண் முகாம் நடத்தும் சங்கங்களுக்கும்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

காவிரிப் படுகையில் கண் முகாமுக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூடத்திலோ திருமண மண்டபத்திலோ பந்தல் போட்டு, முதல் நாளே ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரைச் சுற்றி, புரை உள்ளவர்களை வேனில் ஏற்றி அனுப்பி, அறுவை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுகிறீர்கள். வீடும் குடும்பமும் உள்ள ஏழைக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே உதவுகிறது. அதைக் குறை சொல்ல இந்த மடல் எழுதவில்லை.

வீடின்றி மகாமகக் குளக்கரையில் படுப்பவருக்கும், நாகூர் தர்கா வாசலில் படுப்பவருக்கும், தஞ்சைப் பழைய பேருந்து நிலையத்துக் கடை வாசலில் படுப்பவருக்கும் இதே ஏற்பாடு உதவுவதில்லை. அவர்கள் முகாமுக்கே வருவதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். வரத்தான் செய்கிறார்கள். பார்வை அட்டையைப் பார்த்து, பவர் எழுதி வாங்கி, "பதினஞ்சு நாள் கழிச்சு வந்து கண்ணாடி வாங்கிக்குங்க" என்பதையும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். பதினைந்தாம் நாள் அவர்கள் அந்த ஊரில் இருப்பதில்லை. சனிக்கிழமை என்றால் திருநள்ளாறு. வியாழன் இரவும் வெள்ளியும் நாகூர். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி. ஐப்பசி முழுக்க மயிலாடுதுறைத் துலாக்கட்டம், கடைசி நாளான கடைமுகம் வரைக்கும். சோறும் காசும் எங்கே கிடைக்குமோ அங்கே போகிறார்கள். இதற்கென்று ஒரு நாட்காட்டியே இருக்கிறது, அது நம் முகாம் நாட்காட்டியோடு ஒத்துப்போவதில்லை. திருநள்ளாறு காரைக்காலில், புதுச்சேரி ஆட்சிப்பரப்பில் இருப்பதால், நாகையில் எழுதிய பதிவேடு பக்கத்து ஊரான அங்கே செல்லாது என்பது கூடுதல் தலைவலி.

ஆக, இவர்கள் விஷயத்தில் குறைவது லென்ஸும் அல்ல, மருத்துவரும் அல்ல. இரண்டாவது சந்திப்புதான் தவறிப்போகிறது. இரண்டாவது சந்திப்பே தேவைப்படாதபடி செய்ய முடிந்ததை எல்லாம் அப்படிச் செய்ய வேண்டும். புரை அறுவை போலத் தவிர்க்கவே முடியாதவற்றில் அந்தச் சந்திப்பைக் கட்டாயம் நடக்க வைக்க வேண்டும். நாங்கள் கேட்பவை எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

முதலில் முகாமை விட்டுவிட்டு ஒரு மேசை போடுங்கள். வாரம் ஒரு மாலை, அதே கிழமை, அதே இடம். கும்பகோணத்தில் குளக்கரை, நாகூரில் வியாழக்கிழமை தர்காவை ஒட்டி, தஞ்சையில் ரயிலடி. நேரம் மாலை 5.30 முதல் 7.30 வரை. காலையில் அவர்கள் கோயில் வாசலை விட்டு வரமாட்டார்கள், அது வருமான நேரம். 11 மணிக்கு அன்னதான டோக்கன் வரிசை. 8 மணிக்குமேல் சிலர் குடித்திருப்பார்கள், மற்றவர்கள் படுத்துவிடுவார்கள். மாலையில் இன்னொரு வசதியும் உண்டு: வெளிச்சம் குறையக் குறையக் கண்மணி விரியும், கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பவர் பார்க்கும் ரெட்டினோஸ்கோப்பில் ஒளிக்கீற்று தெளிவாகத் தெரியும். அந்தக் கருவி பேட்டரியில் ஓடுவது, மின் இணைப்பு தேடி அலைய வேண்டியதில்லை. தானாகப் பவர் அளக்கும் ஆட்டோ ரெப்ராக்டரை முச்சந்திக்குத் தூக்கி வராதீர்கள். ஆட்டமில்லாத மேசையும் சீரான மின்சாரமும் இல்லாமல் அது தரும் எண்ணை நம்ப முடியாது.

மேசைக்கு நான்கு பேர் போதும். பெயர் எழுதி அட்டை காட்ட ஒருவர், பவர் பார்க்க ஒருவர், கண்ணாடி பொருத்த ஒருவர், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து அடுத்த வாரத்துக்கு ஆளைப் பின்தொடர ஒருவர். கடைசி ஆளை மிச்சம் பிடிக்க நினைத்தால் மற்ற மூவரின் உழைப்பும் வீண். இரண்டு மணி நேரத்தில் 20 பேரை ஒழுங்காகப் பார்க்கலாம். "இன்று 300 பேர் பயன்பெற்றனர்" என்ற செய்தி இந்த மேசையில் கிடைக்காது.

பார்வை அட்டையில் நடக்கும் ஒரு தவறைச் சொல்லியே ஆக வேண்டும். தெருவில் 6 மீட்டர் இடம் கிடைப்பதில்லை. உடனே 6 மீட்டருக்கான அட்டையை 3 மீட்டரில் மாட்டிவிடுகிறார்கள். அந்தத் தூரத்தில் 6/12 வரியை (நல்ல கண் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது 6/12) ஒருவர் படித்தால் அவர் பார்வை உண்மையில் 6/24. பாதி மங்கிய கண்ணை "பரவாயில்லை" என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். 3 மீட்டருக்கென்றே அச்சிட்ட அட்டை கிடைக்கிறது, அதை வாங்குங்கள். டேப் தேட வேண்டாம்: ஒரு கயிற்றில் 3 மீட்டரில் முடிச்சுப் போட்டு, ஒரு முனையை அட்டை மாட்டிய கம்பியில் கட்டிவிட்டால் நாற்காலி எங்கே என்பது தானே தெரியும். அட்டை தமிழ் எழுத்தில் வேண்டாம், ஆங்கில E வடிவம் நான்கு திசையும் திரும்பியிருக்கும் அட்டை வேண்டும். "படிக்கத் தெரியாது" என்று சொல்லக் கூசுகிறவர்கள் "தெரியவில்லை" என்று சொல்லிவிடுவார்கள், அது பார்வைக் குறைவாகப் பதிவாகும். விரலைக் கொண்டு திசை காட்டச் சொன்னால் அந்தச் சங்கடமே எழாது. எமர்ஜென்சி விளக்கு அட்டையின் மேல் அடிக்க வேண்டும், உட்கார்ந்திருப்பவர் முகத்தில் அல்ல.

6/12-க்குக் கீழே போனால் அடுத்தது ஊசித்துளை. 1.2 மி.மீ. அளவுள்ள துளை வழியாகப் பார்த்ததும் இரண்டு வரி கூடுதலாகப் படித்தால் குறை பவரில் இருக்கிறது, கண்ணாடி உதவும். கூடவில்லை என்றால் புரை, விழித்திரை, நரம்பு, கருவிழித் தழும்பு என்று வேறு எங்கோ இருக்கிறது, கண்ணாடி கொடுத்து ஏமாற்றக் கூடாது. ஒற்றைத் துளை அட்டையை நடுங்கும் கையுள்ள பெரியவர்களால் நேராகப் பிடிக்க முடியாது. பல துளை உள்ள மறைப்பானைக் கொடுங்கள். இந்த ஒரு நிமிடச் சோதனைதான் வரிசையை இரண்டாகப் பிரிக்கிறது: இன்றே கண்ணாடியோடு போகிறவர், மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்.

இன்றே போகிறவர்களில் மிகுதியானவர்களுக்கு இருப்பது வெள்ளெழுத்து. 40 வயதுக்குமேல் எல்லாருக்கும் வருவதுதான். "அவங்க எதைப் படிக்கப் போறாங்க?" என்று கேட்கிற உறுப்பினர்கள் உங்கள் சங்கங்களில் இருக்கிறார்கள். கிட்டத்துப் பார்வை படிப்பதற்கு மட்டும் அல்ல. பூக்கட்டிக் கூலி வாங்க, கிழிந்ததைத் தைக்க ஊசியில் நூல் கோக்க, பத்து ரூபாயா இருபது ரூபாயா என்று பார்க்க, மாத்திரை அட்டையைச் சரிபார்க்க, யாரோ எழுதிக் கொடுத்த மகன் போன் நம்பரை அழுத்த. அதனால் கிட்டத்துச் சோதனைக்குச் செய்தித்தாள் வேண்டாம். ஊசியும் நூலும், ஒரு பேருந்து டிக்கெட், ஒரு பிடி அரிசி, இவை போதும்.

வாங்கும் கணக்கு: நூறு ரெடிமேட் கண்ணாடி என்றால் +1.00-இல் 5, +1.50-இல் 15, +2.00-இல் 30, +2.50-இல் 30, +3.00-இல் 15, +3.50-இல் 5. தெருவில் இருப்பவர்களில் முதியவர்கள் கூடுதல் என்பதால் நடுத்தட்டு கனமாக இருக்கிறது. "வயசானவங்கதானே, எல்லாருக்கும் மூணு" என்று ஒரே பவரில் மொத்தமாக வாங்குவது பெரிய தவறு. வெள்ளெழுத்து முற்றிய கண்ணுக்கு +3.00-இல் தெளிவு கிடைப்பது 33 செ.மீ. தூரத்தில், +2.50-இல் 40 செ.மீ., +2.00-இல் 50 செ.மீ. மடியில் வைத்துப் பூக்கட்டுகிற அம்மாவுக்கு +3.00 கொடுத்தால் அவர் நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும். இரண்டு நாளில் கழற்றி வைத்துவிடுவார். நாம் "கொடுத்தாலும் போடுறதில்ல" என்று எழுதிக்கொள்வோம்.

ரெடிமேட் யாருக்குப் பொருந்தாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் 0.50-ஐத் தாண்டினாலோ, சிலிண்டர் பவர் (ஒரு திசையில் மட்டும் வேண்டியிருக்கும் பவர்) 0.75-ஐத் தாண்டினாலோ பொருந்தாது. கண்மணி இடைவெளியையும் அளவுகோல் வைத்துப் பாருங்கள். 58 மி.மீ. இடைவெளியுள்ள சிறிய முகத்துக்கு, 66 மி.மீ. மையம் கொண்ட +3.00 கண்ணாடியை மாட்டினால் ஒவ்வொரு கண்ணும் மையத்திலிருந்து 4 மி.மீ. தள்ளிப் பார்க்கும். ஒளி விலகிக் கண் இழுபடும் அளவு (பிரிசம்) ஒரு கண்ணுக்கு 1.2, இரண்டுக்கும் சேர்த்து 2.4. தலைவலிக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. சிறிய பிரேமில் நான்கில் ஒரு பங்காவது வாங்கி வைத்தால் இது தீரும்.

தூரப்பார்வைக் குறைக்கும் அன்றே கண்ணாடி கொடுக்க வழி உண்டு. முன்பே வட்டமாக வெட்டி, இடக்கண் வலக்கண் எதிலும் அழுத்திப் பொருத்தக்கூடிய லென்ஸ்களும், அவற்றுக்கேற்ற பிரேம்களும் கிடைக்கின்றன. -0.50 முதல் -4.00 வரையும், +0.50 முதல் +3.00 வரையும் 0.50 இடைவெளியில் வைத்திருந்தால், சிலிண்டர் பெரிதாக இல்லாத முகங்கள் அத்தனைக்கும் அங்கேயே வேலை முடியும். கண் ஒவ்வொன்றுக்கும் வேறு பவர் போடலாம் என்பதால் வித்தியாசம் உள்ளவர்களும் இதில் அடங்குவர். மிச்சப்படும் சிலருக்கு மட்டும்தான் கடையில் செய்ய வேண்டியிருக்கும், அவர்களுக்கு அடுத்த வாரம் அதே மேசை இருக்கிறது. மேசை நிலையாக இருப்பதன் பயன் இதுதான்: 15 நாள் என்பது 7 நாளாகிறது, "எங்க வர்றது?" என்ற கேள்வியும் இல்லை. பழைய முறையில் லென்ஸ் வைக்காமல் அறுவை செய்துகொண்ட மூத்தவர்களில் எங்காவது ஒருவர் +10.00 தடித்த கண்ணாடி உடைந்து, கிட்டத்தட்டப் பார்வையில்லாமல் உட்கார்ந்திருப்பார். அந்தப் பவரிலும் இரண்டு ஜோடி பெட்டியில் கிடக்கட்டும்.

பைபோகல் (மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்கும் பவர் உள்ள கண்ணாடி) பற்றி எங்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஏற்கெனவே போட்டுப் பழகியவருக்குத் தவிர கொடுக்காதீர்கள். படித்துறையில் இறங்கும்போது பார்வை கீழ்வட்டம் வழியாகப் போகும், அடுத்த படி மங்கி இடம் மாறித் தெரியும். காவிரிக் கரையிலும் குளக்கரையிலும் குளித்துத் துவைத்து வாழ்கிறவருக்கு அது இடுப்பெலும்பு முறிகிற ஆபத்து. ரீடிங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது என்பதையும் கையில் கொடுக்கும்போதே மாட்டி நடக்கவைத்துக் காட்டிவிடுங்கள். சொன்னால் மறந்துபோகும், ஒரு தடவை தடுமாறினால் மறக்காது.

பிரேமுக்கு வருவோம். மெட்டல் பிரேம் வேண்டாம். நாகை, வேளாங்கண்ணி உப்புக்காற்றிலும் வியர்வையிலும் ஒரு கோடைக்குள் களிம்பு பிடித்து மூக்கில் புண்ணாக்கும். மூக்குத் தாங்கி தனியாக ஒட்டிய பிரேம் எதுவும் வேண்டாம், முதலில் விழுவது அதுதான். மூக்குப் பாலம் ஒரே வார்ப்பாக உள்ள, வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் பிரேம், பிளாஸ்டிக் லென்ஸ். கண்ணாடி லென்ஸில் எளிதில் கீறல் விழாது, ஆனால் படுத்துப் புரளும்போது உடைந்தால் துண்டு கண்ணுக்குள் போகும். பிளாஸ்டிக் லென்ஸின் எதிரி மணல் ஒட்டிய முந்தானையும் துண்டும். முதலில் தண்ணீரில் அலசி, பிறகு துடைக்கச் சொல்லுங்கள். கடினமான பெட்டி கொடுப்பதில் பயனில்லை, மூட்டையில் இடம் அடைக்கிறது என்று அன்றே தூக்கிப் போடுவார்கள். சுருக்குப் பைதான் சரி: வெற்றிலைக்குப் பயன்படும் அதே பை, கொஞ்சம் நீளமாக, உள்ளே மெத்தென்ற துணி வைத்துத் தைத்தது. பெண்கள் இடுப்பில் செருகிக்கொள்வார்கள், ஆண்கள் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். கண்ணாடிக் கயிறும் சேர்த்துக் கொடுங்கள். மகளிர் குழுக்களுக்குத் தைக்கக் கொடுத்தால் அவர்களுக்கும் நாலு காசு.

தொலைந்தால் என்ன செய்வது? திரும்பக் கொடுங்கள், கேள்வி கேட்காமல். மொத்த விலையில் நூறு ரூபாய்க்குள் வரும் பொருளுக்கு விசாரணைக் கமிஷன் வேண்டாம். தூங்கும்போது திருடு போகும், மழையில் போகும், போலீஸ் கிளப்பி விடும்போது மூட்டையோடு போகும். சிலர் மாட்டிக்கொள்ளவே தயங்குவதும் உண்டு: பளபளவென்று கண்ணாடி போட்டால் தட்டில் காசு விழாது என்று கணக்குப் பார்ப்பார்கள். அவர்களுடன் வாதிட வேண்டாம். மங்கிய கறுப்பிலோ பழுப்பிலோ பிரேம் வைத்திருந்தால் அந்தத் தயக்கம் பாதி குறையும். பழுது பார்க்கும் டப்பாவில் சிறிய ஸ்க்ரூ டிரைவர், 1.4 மி.மீ. ஸ்க்ரூ ஒரு பொட்டலம், ஒரு மூக்குக் குறடு, கொஞ்சம் பிசின் இருக்கட்டும். காது வளைவைச் சரிசெய்ய ஒரு டம்ளர் வெந்நீர்.

சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. பழைய கண்ணாடி சேகரிக்கும் பெட்டிகளை எடுத்துவிடுங்கள். நல்ல எண்ணத்தில் செய்கிறீர்கள், தெரியும். பிறர் கண்ணுக்கு, பிறர் சிலிண்டர் கோணத்துக்கு வெட்டிய லென்ஸ் இன்னொருவருக்குப் பொருந்துவது அபூர்வம். ஒவ்வொன்றையும் கழுவி, லென்சோமீட்டரில் வைத்துப் பவர் பார்த்து, சீட்டு ஒட்டி முடித்தால் பத்தில் ஒன்று தேறுவது கடினம். அந்த நேரத்துக்கும் செலவுக்கும் புதிய கண்ணாடியே வாங்கிவிடலாம்.

இனி புரை. இங்கே இரண்டாவது சந்திப்பு ஒன்றல்ல, ஐந்தாறு.

முதல் தடை மருத்துவமனை வாசலில். "அட்டெண்டர் யாரு?" கூட வர ஆள் இல்லாதவரை வார்டில் சேர்க்கத் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது: ஒரு கண்ணைக் கட்டியிருக்கும் முதியவரை இரவில் கழிப்பறைக்கு யார் அழைத்துப் போவது? எனவே ஆளைக் கொடுங்கள். ஐந்து நோயாளிக்கு ஒரு துணையாள், தினக்கூலிக்கு, அதற்கென்று ஒதுக்கிய நிதியில். தனித்தனியாக அனுப்பாமல் ஐந்தைந்து பேராக அனுப்பினால் இது கட்டுபடியாகும். அறுவைக்கான ஒப்புதலை அவரவர் மொழியில் விளக்கி, கைரேகையும் சாட்சிக் கையெழுத்தும் வாங்கினால் போதும். "மகன் வந்து கையெழுத்துப் போடட்டும்" என்று சுயநினைவுள்ள மனிதரைத் திருப்பி அனுப்புவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

இரண்டாம் தடை ரத்த அழுத்தம், சர்க்கரை. அறுவை நாளன்று அழுத்தம் 180 இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர் அதோடு சரி. இதற்குத்தான் மேசையில் நான்காம் ஆள். அறுவைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே அளந்து, மாத்திரை தொடங்கி, வாரா வாரம் பார்த்து, அளவுக்குள் வந்தபின் வேனில் ஏற்ற வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் பணியாளர்கள் வீட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் பட்டியலில் குளக்கரையையும் பேருந்து நிலையத்தையும் ஒரு தெருவாகச் சேர்த்துவிட்டால் மாத்திரைப் பிரச்சினை தீரும். இதற்குத் தனி அரசாணை எதுவும் வேண்டியிராது, ஆட்சியர் ஒரு கூட்டத்தில் சொன்னாலே நடக்கும்.

மூன்றாவது, யாரும் பேசாத தடை: குடி. நாள் தவறாமல் குடிப்பவரை வார்டில் சேர்த்தால் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கை நடுங்கி, வியர்த்து, பிதற்றிக் கட்டை அவிழ்த்துவிடுவார். தைத்த கண்ணோ தைக்காத கண்ணோ, அப்போது எதுவும் பத்திரமில்லை. வெட்கப்பட்டு மறைப்பதைவிட, சேர்க்கும் சீட்டிலேயே எழுதி மருத்துவரிடம் சொல்லிவிட்டால் அதற்கான மருந்தை முன்கூட்டியே தொடங்குவார்கள். பீடி இருமலும் அப்படித்தான். 20 நிமிடம் அசையாமல், இருமாமல், மல்லாந்து படுக்க முடிகிறதா என்று மேசையருகிலேயே பாய் விரித்துப் பார்த்துவிடலாம். முதல் நாள் தலைக்குக் குளிக்க வைத்து, தாடியை மழித்து, பேனும் சிரங்கும் இருந்தால் முன்பே மருந்து போட்டு, மாற்று வேட்டி, சேலை கொடுத்து அனுப்புங்கள். இமையோரத்தில் பொருக்கு இருந்தால் ஒரு வாரம் வெதுவெதுப்பான நீரில் துடைத்துச் சுத்தமானபின் போகட்டும். கண்ணுக்குள் கிருமி போவதற்கு இமையோரமே முதல் வழி.

அறுவை முடிந்தபின்தான் உண்மையான சோதனை. வழக்கமான சொட்டு மருந்துக் கணக்கு முதல் வாரம் நாளுக்கு 6 முறை, பிறகு வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்து 6 வாரம். மருத்துவர் இதைக் கூட்டிக் குறைப்பார். திறந்த புட்டியை ஒரு மாதத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது, எனவே 6 வாரத்துக்கு இரண்டு புட்டி வேண்டும். ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டு "மருந்து ஒழுங்கா போடல" என்று குறைபட்டுக்கொள்கிறோம். பங்குனி வெயிலில் மூட்டைக்குள் கிடக்கும் புட்டி மருந்தாகவே இருப்பதில்லை. கை கழுவ இடமில்லாத, புழுதியில் படுக்கிற, குளத்தில் முங்கிக் குளிக்கிற மனிதர் ஒரு வாரத்துக்குள் கண்ணில் சீழ் வைத்துக்கொண்டால் அது அவர் குற்றமல்ல.

எனவே ஆணையர்களுக்கு எங்கள் முதன்மையான வேண்டுகோள்: நகர்ப்புற வீடற்றோர் காப்பகம் ஒவ்வொன்றிலும் 4 படுக்கையைக் கண் அறுவைக்கென்று ஒதுக்குங்கள். ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆளுக்கு 50 சதுர அடி என்று நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தின் விதி சொன்னது, இடம் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் இரவில் மட்டும் திறக்கும் காப்பகம் காலையில் கதவைச் சாத்திவிடுகிறது, கட்டுப்போட்ட கண்ணோடு அவர் வெயிலில் நிற்கிறார். இந்த நான்கு படுக்கை மட்டும் பகலிலும் இருக்க வேண்டும், அவருக்கு இரண்டு வாரம். அதன் பிறகு நான்கு வாரம் இரவுப் படுக்கையும், சொட்டு மருந்துக்கு மாலை மேசையும். இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று என்றால் 4 படுக்கையில் ஆண்டுக்கு 104 கண்கள். ஒரு நகரத்துக்கு இது சிறிய எண்ணிக்கை அல்ல.

காப்பகப் பொறுப்பாளருக்கு அரை நாள் பயிற்சி போதும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அவரை மேலே பார்க்கச் சொல்லி, கீழிமையை இழுத்து, ஒரே ஒரு சொட்டு. புட்டி முனை இமையில் படக் கூடாது. இரண்டு மருந்து என்றால் நடுவில் 5 நிமிடம், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதை அடித்துக்கொண்டு போய்விடும். சுவரில் பெயரும் கட்டமும் போட்ட தாள், போட்டதும் ஒரு கோடு. வலி கூடினாலோ, தெரிந்த பார்வை குறைந்தாலோ, சிவந்து சீழ் கட்டினாலோ விடியும்வரை காத்திராமல் அப்போதே மருத்துவமனை. கும்பகோணம் தலைமை மருத்துவமனையோ தஞ்சை, திருவாரூர், நாகை மருத்துவக் கல்லூரிகளோ, எந்த எண்ணுக்கு அழைப்பது என்பது அதே தாளில் பெரிதாக எழுதியிருக்க வேண்டும்.

டெல்டாவுக்கே உரிய இன்னொன்று அறுவடைக் காலத்துக் கண். கொள்முதல் நிலையங்களைச் சுற்றி மூட்டை தூக்குகிறவர்கள், சிந்திய நெல்லைக் கூட்டிப் பொறுக்குகிறவர்கள் பலர் அங்கேயே தார்ப்பாய்க்குக் கீழ் படுக்கிறவர்கள். நெல் சுணையோ பதரோ கருவிழியில் உரசினால் அந்தக் கீறலில் பூஞ்சை ஏறும். இரண்டு மூன்று நாள் தண்ணீரால் கழுவிக்கொண்டும், விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டும் இருப்பார்கள். பிறகு மருந்துக் கடையில் "கண்ணு செவந்திருக்கு" என்று கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், சிவப்பு குறையும், உள்ளே பூஞ்சை செழிக்கும். முடிவு பூ விழுந்த கண். இதற்குக் கண்ணாடி உதவாது, கருவிழி மாற்று தவிர வழி இருக்காது. தை, மாசி சம்பா அறுவடையிலும் குறுவை அறுவடையிலும் கொள்முதல் நிலையம் உள்ள ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பூஞ்சையைக் கொல்லும் நாட்டமைசின் 5 சதவீதச் சொட்டு இருப்பில் இருக்கட்டும். முதல் நாட்களில் மணிக்கு ஒருமுறை போட வேண்டிய மருந்து அது, ஆகவே இவர்களுக்கு இதிலும் படுக்கை வேண்டும். காற்றாலும் நெல் தூற்றுவதாலும் வரும் தூசுக்கு, பக்கம் மூடிய சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடியை மூட்டைதூக்குவோருக்குக் கொடுத்தால் இதில் பெரும்பகுதி வராமலே போகும்.

கண் நீர் அழுத்த நோயை (கிளாக்கோமா) பற்றிச் சுருக்கமாக. ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து போட வேண்டிய நோய் இது, நிலையான இருப்பிடம் இல்லாதவரிடம் அந்த ஏற்பாடு நிற்காது. அறுவையா மருந்தா என்று தீர்மானிக்கும்போது அவர் எங்கே படுக்கிறார் என்பதையும் கேட்டுத் தீர்மானிக்கும்படி மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மனநலம் குன்றித் திரிவோரிடம், குறிப்பாக நாகூரில், அவர்கள் வாய்விட்டுப் பதில் சொல்லாமலே ரெட்டினோஸ்கோப்பால் பவர் பார்க்க முடியும். அவர்களுக்கு அறுவை என்றால் மட்டும் மாவட்ட மனநலக் குழுவின் வழியாகத்தான் போக வேண்டும்.

தாள்கள். ஆதார், செல்போன் எண், குடும்ப அட்டை மூன்றும் கேட்டால் மூன்றும் இருக்காது. முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப அட்டை வேண்டும், வீடில்லாதவரிடம் பெரும்பாலும் குடும்ப அட்டை இருப்பதில்லை, ஆக மிக வறியவர் வறியவர்க்கான திட்டத்துக்கு வெளியே நிற்கிறார். காப்பகப் பொறுப்பாளரின் கடிதம், ஒரு புகைப்படம், கைரேகை, இந்த மூன்றையும் அரசு மருத்துவமனைகள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆட்சியர் சுற்றறிக்கை விடலாம். அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் சான்றோடு ஆதார் எடுக்கவும் வழி இருக்கிறது, அறுவைக்குக் காத்திருக்கும் இரண்டு வாரத்தில் அதையும் முடித்துவிடலாம். ஆனால் அது இல்லாததால் அறுவை நிற்கக் கூடாது. பதிவேட்டில் முகவரி என்ற கட்டத்தை எடுத்துவிட்டு "இரவு எங்கே படுக்கிறார், எந்தக் கிழமை எங்கே இருப்பார், யாருக்கு இவரைத் தெரியும்" என்று மூன்று கட்டம் போடுங்கள். டீக்கடைக்காரரும், பூக்கடை அம்மாவும், கோயில் காவலாளியும்தான் இவர்களின் தொலைபேசி. அந்தப் பதிவேட்டின் நகல் காரைக்காலுக்கும் போகட்டும்.

2017 முதல் நாட்டில் பார்வையின்மை என்பதற்கான அளவு 6/60-இலிருந்து 3/60-ஆக மாறியிருக்கிறது. கணக்கில் எண்ணிக்கை குறைந்தது. 6/60 கண்ணோடு சாலையைக் கடக்கிறவருக்குப் பேருந்தின் நம்பர் பலகை இன்னும் தெரியவில்லை. உங்கள் மாவட்ட இலக்கை அந்த அட்டவணையில் மட்டும் தேடாதீர்கள்.

செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டோம். நூறு ரெடிமேட் கண்ணாடி பத்தாயிரம் ரூபாய்க்குள். பொருத்தும் லென்ஸ் பெட்டி, ரெட்டினோஸ்கோப், டிரையல் செட் (மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் லென்ஸ்கள்), அட்டைகள் ஒரு முறை வாங்கினால் பல ஆண்டு வரும், இவற்றில் பாதி உங்கள் மாவட்ட மருத்துவமனைகளிலேயே மாலையில் சும்மா இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்களின் கண் மருத்துவ உதவியாளர்களுக்கு வாரம் ஒரு மாலையைப் பணி நேரமாகக் கணக்கிட்டு, அதற்கு ஈடாக ஒரு காலை விடுப்பு கொடுத்தால் ஆள் பிரச்சினையும் இல்லை. சங்கங்கள் ஆண்டு முகாமின் பந்தலுக்கும் பிளெக்ஸுக்கும் போடும் பணத்தைத் துணையாள் கூலிக்குத் திருப்பினால் போதும்.

வடகிழக்குப் பருவமழையில் திறந்தவெளி மேசை நிற்காது. ஐப்பசி, கார்த்திகையில் மேசை போடும் ஒவ்வோர் ஊரிலும் கூரை உள்ள ஓர் இடத்தை, பேருந்து நிலையக் காத்திருப்புக் கூடமானாலும் சரி, இப்போதே ஒதுக்கி எழுத்தில் கொடுங்கள். கும்பகோணத்துக்கும் நாகூருக்கும் முதலில் அந்தக் கடிதம் வரட்டும். மேசையை நாங்கள் போட்டுக்கொள்கிறோம், காப்பகத்தில் அந்த நான்கு படுக்கையை மட்டும் நீங்கள் போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
காவிரிப் படுகையில் கண் பரிசோதனை, கண்ணாடி பொருத்துதல், காப்பகப் பராமரிப்பு ஆகிய பணிகளில் உள்ளோர்